விதை மாறியதா, மண் கெட்டதா?

கேள்வி: பாரம்பரியத் தக்காளி என்று விற்ற விதையைப் போன வருடம் போட்டேன். எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி, உருண்டையான பெரிய சிவப்புப் பழங்கள். அதிலிருந்து விதை எடுத்து இந்த வருடம் போட்டால் ஆறு செடியும் ஆறு விதம். ஒன்றில் குட்டிக் காய், ஒன்றில் நீளக் காய், ஒன்றில் ரோஸ் நிறப் பழம். மண் கெட்டுவிட்டது என்று விதைக்காரர் சத்துப் பொடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மண்ணில் சத்து குறைந்தால் காய் சிறுக்கும், இலை வெளுக்கும். உருண்டைக் காய் நீளக் காயாகிவிடாது. அந்த ரோஸ் பழத்தின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி போல் நிறமில்லாமல் இருக்கும். சிவப்புப் பழத்தின் தோல் மஞ்சளாக இருக்கும். இது பிறவிக் குணம்.

உங்கள் தலையில் கட்டியது ஹைபிரிட் விதை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த விதை. முதல் வருடம் அச்சில் வார்த்தது போல் காய்க்கும். அடுத்த தலைமுறையில் தாத்தா பாட்டி குணமெல்லாம் தனித்தனியாகத் தலைகாட்டும். 'பாரம்பரியம்' என்ற வார்த்தைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது, அச்சடிப்பவருக்கு அது வசதி. கேட்கத்தான் ஆளில்லை. ஒரே கொத்தில் ஏழு நிறப் பழம் தொங்கும் படம் போட்டு விற்கும் விதையைத் தொடவே தொடாதீர்கள்.

தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிட்டதோ என்று கேட்பீர்கள். தக்காளிப் பூ தனக்குத்தானே சூல் கொள்ளும், கலப்பது அபூர்வம். கலந்தாலும் ஒன்றிரண்டு செடிதான் மாறும். ஒரு விதிவிலக்கு உண்டு: உருளைக்கிழங்குச் செடி போல ஓரம் வெட்டில்லாத இலை கொண்ட சில பழைய ரகங்கள். இவற்றில் சூல்முடி (மகரந்தம் ஒட்டும் நுனி) அதைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தேனீக்கு எட்டும். விதைக்கு விடும் கொத்தை, மொட்டு விரியும் முன் மெல்லிய வலைத்துணியால் மூடி, தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் துணியைக் கழற்றிக் கொத்தில் அடையாளத்துக்கு நூல் கட்டுங்கள். அப்படியும் அடுத்த விதைப்பில் ஒரு நாற்றின் இலையில் பல் பல்லாக வெட்டு தெரிந்தால் அது கலப்பு, பிடுங்கிவிடலாம்.

அடுத்த முறை, இரண்டு வருடமாவது சொந்த விதையிலேயே பயிர் செய்தவரிடம் விதை கேளுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

சரி, இந்த ஆறு செடியையும் பிடுங்க வேண்டாம். நிறம் ஏறத் தொடங்கியதும் பறித்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே பழுக்கவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆறில் ஒன்றாவது ருசியாக இருக்கும்.