இருக்கை எண் இல்லாத விமானத்தில் குடும்பத்தோடு அமர்வது எப்படி?

கேள்வி: நான், என் கணவர், முழங்கால் வலியுள்ள என் மாமியார், ஒன்பது வயது மகன், மூன்று வயது மகள் என ஐந்து பேர் அடுத்த மாதம் விமானத்தில் செல்லவிருக்கிறோம். அந்த விமானத்தில் இருக்கை எண் கிடையாது, ஏறுகிறவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்கிறார்கள். சென்ற முறை இப்படிப் பயணம் செய்தபோது என் மகளுக்கு எங்களிடமிருந்து நான்கு வரிசை தள்ளித்தான் இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்தவர் இடம் மாற மறுத்துவிட்டார். அவள் வெகுநேரம் அழுதாள். இந்த முறை ஒருவர் முன்னதாக ஏறி எல்லோருக்கும் இடம் பிடித்து வைத்தால் தவறாகுமா? பயணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. மூன்று வயதுக் குழந்தையை முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரவைப்பதை யாரும் சிறிய அசௌகரியமாகக் கருதக் கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால், 35,000 அடி உயரத்தில் ஒருவர் தெளிவோடு செயல்படக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். முதலில் உங்கள் ஆக்சிஜன் முகமூடியை அணியுங்கள், பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள் என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்கிறார்களே, அந்த அறிவுரை குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே பொருந்தும். அவசரமாக வெளியேற நேரும்போதும், பிள்ளையைத் தேடி எதிர்த்திசையில் ஓடுகிற தாய் தன்னோடு மற்றவர்களின் வழியையும் அடைத்துவிடுவாள். ஆகவே விமானப் பணியாளரிடம் இதைக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படவே வேண்டாம்.

முதல் வேலையாக, உங்கள் விமானத்தில் உண்மையாகவே இருக்கை எண் இல்லையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த முறை இப்போது அருகிவிட்டது. ஐரோப்பிய விமான நிறுவனங்களான ஈஸிஜெட் 2012-லும் ரயன்ஏர் 2014-லும் இதைக் கைவிட்டன. 1971 முதல் இதையே தன் அடையாளமாக வைத்திருந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2026 ஜனவரியில் இருக்கை எண்ணுக்கு மாறிவிட்டது. பல நேரங்களில், குறைந்த கட்டணச் சீட்டில் இருக்கையை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்பதைத்தான் இருக்கை எண்ணே கிடையாது என்று புரிந்துகொள்கிறோம். அப்படியானால் விமான நிறுவனமே உங்களுக்கு இடம் ஒதுக்கும். அதைப் புறப்படுவதற்கு முன்பே பேசிச் சரிசெய்ய வழி உண்டு. ஐந்து பேருக்கும் ஒரே பி.என்.ஆர். இருப்பதும், பிள்ளைகளின் வயது சரியாகப் பதிவாகியிருப்பதும் மிக முக்கியம். இந்தியாவில் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அதே பி.என்.ஆரில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரோடாவது இடம் ஒதுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கனடாவின் விதி இன்னும் நுணுக்கமானது: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரின் அடுத்த இருக்கையையே, கூடுதல் கட்டணம் இல்லாமல், தர வேண்டும். தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தால் நீங்கள் ஒரே குடும்பம் என்பதே கணினிக்குத் தெரியாது.

இருக்கை எண் இல்லைதான் என்றால், ஐந்து பேரும் ஒரே இடத்தில் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இத்தகைய விமானங்களில் பெரும்பாலும் நடைவழிக்கு இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகள்தான் இருக்கும். ஐந்து பேர் ஒரே பக்கத்தில் அமர இடமே இல்லை. பிரியவே கூடாதவர்கள் நீங்களும் மகளும். அடுத்து, மகனோடு கணவர். மாமியார் உங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஆனால் ஒரு வரிசை முன்பின்னாக இருந்தாலும் குறையில்லை. மகள் ஜன்னலோரம், நீங்கள் நடுவில், கால் நீட்ட வசதியாக மாமியார் நடைவழி ஓரம், எதிர்ப்பக்கம் கணவரும் மகனும் என்று அமைந்தால் மிகச் சிறப்பு. அமையாவிட்டால் யார் யாரோடு சேர்ந்து அமர வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி முடிவுசெய்துவிடுங்கள். பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது அதைப் பேசித் தீர்க்க முடியாது.

செக்-இன் தொடங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, தொடங்கியவுடன் செய்துவிடுங்கள். செக்-இன் செய்த வரிசையில்தான் ஏறவேண்டும் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. சிறு குழந்தையோடு வருபவர்களை முன்னதாக ஏறவிடும் வழக்கமும் பரவலாக உண்டு. சவுத்வெஸ்ட்டில் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளின் குடும்பத்தை முதல் பிரிவுக்கு அடுத்தபடியாக அழைத்தார்கள். அழைப்புக்காகக் காத்திருக்காமல், போர்டிங் தொடங்குவதற்கு வெகு முன்பே கேட்டில் உள்ள பணியாளரிடம் சென்று, “எங்களோடு மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள், அவளும் நானும் சேர்ந்து உட்கார வேண்டும்; எப்போது ஏறலாம்?” என்று கேளுங்கள். கூட்டம் சேராத நேரத்தில் அவரும் பொறுமையாக வழி சொல்வார்.

உள்ளே ஏறியதும் முன்வரிசைகளில் நின்று தேடாதீர்கள். தனியாக வருபவர்கள் முன்புறத்து ஜன்னல் இருக்கைகளையும் ஓர இருக்கைகளையும்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அங்கே மிஞ்சுவது ஆங்காங்கே ஒற்றை நடு இருக்கை. நேராகப் பின்பகுதிக்குச் சென்றால் முழு வரிசையாகக் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். மகளுக்குக் கழிவறையும் பக்கத்தில் இருக்கும். அவசர வழி உள்ள வரிசையில் பிள்ளைகளை அமர்த்த மாட்டார்கள், அதைக் கடந்து செல்லுங்கள்.

இடம் பிடித்து வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடன் ஏறிக்கொண்டிருக்கும் மாமியாருக்காகப் பக்கத்து இருக்கையில் கைவைத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவர் மட்டும் முன்னதாக ஏறி இரண்டு வரிசைகளில் பைகளைப் பரப்பி வைப்பது, இன்னொரு தாய்க்குக் கிடைக்க வேண்டிய இடத்தையும் அடைப்பதாகும். அதை நான் ஏற்க மாட்டேன்.

சென்ற முறை மறுத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. முன்கூட்டியே வந்து ஜன்னலோரம் பிடித்து, பையை மேலே வைத்துவிட்டு பெல்ட்டும் போட்டுக்கொண்டவரை, நான்கு வரிசை பின்னால் உள்ள நடு இருக்கைக்குப் போகச் சொன்னால், அவருடைய பை இங்கேயே தங்கிவிடும்; இறங்கும்போது கூட்டத்தை எதிர்த்து வந்துதான் அதை எடுக்க வேண்டும். அதனால் யாரையாவது கேட்பதாக இருந்தால், அதே வரிசையிலோ நடைவழிக்கு எதிரிலோ, அவருடையதற்கு ஈடான அல்லது மேலான இருக்கையைக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் கணவர் தன் ஓர இருக்கையை விட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். அப்போதும் முடியாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். விமானக் கதவு மூடப்படும் முன், மகளைத் தனியே அமர்த்தாமல் உங்களோடு நிறுத்திக்கொண்டே, விமானப் பணியாளரிடம் சொல்லுங்கள். பயணிகளை இடம் மாற்றச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது; நீங்கள் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை.

மாமியாருக்கு நடப்பதற்கு உண்மையிலேயே சிரமம் இருந்தால், சக்கர நாற்காலி உதவியை இப்போதே பதிவுசெய்யுங்கள். அப்படி வருபவர்களைப் பொதுவாக எல்லோருக்கும் முன்னதாக ஏற்றுவார்கள். உடன் எத்தனை பேரை அனுமதிப்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒருவருக்குத்தான் அனுமதி என்றால், அவரோடு கணவர் போகட்டும். நீங்கள் இரு பிள்ளைகளோடும் குடும்பங்களுக்கான அழைப்பில் ஏறிக்கொள்ளலாம்.