மீதொட்டமுல்லயை எந்த வகுப்பில் சொல்வது?

ஐயா, வணக்கம்.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்தோம். பிள்ளை முதலில் இயற்கையோடு பழகட்டும், அழிவுக் கதைகளைத் தரம் நான்குக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் காட்டோரத்தில் இருப்பவருக்கு அது சரி. நான் காலி வீதியை ஒட்டிய பாடசாலையில் தரம் மூன்று படிப்பிக்கிறேன். எங்கள் முற்றம் முழுக்கச் சீமெந்து. பெற்றோருக்கோ தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இப்போதே கவலை. போன கிழமை ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், மீதொட்டமுல்லயில குப்பை விழுந்து ஆக்கள் செத்தது உண்மையா?" என்று கேட்டாள். வயது போதாது என்று நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஓர் ஆசிரியை, தெஹிவளை

ரீச்சருக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விதான் இரண்டு நாளாக என்னை விடவில்லை. உண்மை என்று சொல்லுங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பிற்பகலில், கொழும்பை ஒட்டிய கொலன்னாவப் பக்கத்தில் இருந்த மீதொட்டமுல்லக் குப்பைமலை வீடுகள் மேல் சரிந்தது, 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேட்ட பிள்ளைக்கு இவ்வளவையும் சொல்லலாம். ரீச்சர் மழுப்பினால், மிச்சத்தை அது ஸ்கூல் வானில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

பிழை என்னுடையது. சோபெலை அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டேன். 1996இல் அவர் எழுதியது ஒரு குறிப்பிட்ட பழக்கத்தைப் பற்றி. பாடசாலைக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் கால் வைக்காத சின்னப் பிள்ளைகளை உட்கார்த்தி, எங்கோ இருக்கும் மழைக்காடு எரிகிறது, மிருகங்கள் சாகின்றன என்று படிப்பித்தார்கள். தன்னால் ஒன்றும் செய்ய முடியாத துயரத்தை ஏழு வயதில் தலையில் ஏற்றினால் பிள்ளை அதிலிருந்து ஒதுங்கத்தான் பார்க்கும், பிறகு இயற்கை என்றாலே ஒரு பயம் ஒட்டிக்கொள்ளும் என்றார். நான்கிலிருந்து ஏழு வயது வரை உயிர்களோடு ஒட்டுறவு, எட்டிலிருந்து பதினொன்று வரை சுற்றித் திரிந்து கண்டுபிடிப்பது, அதற்குப் பிறகே சமூகத்துக்காக இறங்குவது என்று ஒரு படிவரிசையும் வைத்தார். இதில் வயதைவிடத் தூரம்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, அவர் தலையில் கட்டவில்லை. அமேசன் உங்கள் மாணவிக்குத் தூரம். கொலன்னாவ அவளுக்குத் தூரமா? மாமி வீட்டுக்குப் போகிற பஸ் அந்தப் பக்கத்தால்தானே போகிறது.

காட்டோரத்து மனிதர் என்று அவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும், கரீபியனில் கரியகோ என்ற சின்னத் தீவிலும் பிள்ளைகளுக்குப் பின்னால் திரிந்து, அவர்கள் கட்டும் குடில்களையும் ஒளிப்பிடங்களையும் பார்த்தவர். பிள்ளைகளைத் தங்கள் அயலை வரைபடமாகக் கீறச் சொல்வது அவருடைய முக்கியமான வேலை. சின்ன வயதில் வீடு படத்தின் நடுவில் பெரிதாக நிற்கும். வயது ஏற ஏறப் படம் வெளியே விரியும்.

போன விடுமுறையில் நானும் இதைச் செய்து பார்த்தேன். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருக்கும் என் மருமகள், தரம் நான்கு. லிஃப்ட், காவலாளி அங்கிள், கீழே கடை எல்லாவற்றையும் நுணுக்கமாகக் கீறினாள். அப்புறம் தாளின் மறு ஓரத்தில் பாடசாலை. இடையில் வெறும் வெள்ளை, அதில் ஒரு ஸ்கூல் வான். கால்வாயோரத் தோட்டத்தில் இருக்கும் (கொழும்பில் 'தோட்டம்' என்றால் ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை) அவளுடைய வகுப்புப் பையன் கீறியதில் வீடு ஒரு மூலைக்குப் போய்விட்டது. நடுவில் கால்வாய், கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பு ஏறி வரும் இடம், கொக்கு நிற்கும் கம்பம், மழைக்குத் தண்ணீர் ஏறிய கோடு. அவன் சுற்றாடல் பாடத்தில் புள்ளி குறைந்தவன்.

சோபெலோடு எனக்குச் சண்டை வரும் இடமும் இதுதான். பிள்ளை தானாகத் திரியும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். கொழும்பில் எந்தத் தாயிடம் போய் மகளைத் தெருவில் விடுங்கள் என்று சொல்வது? வாகனம் ஒரு காரணம் மட்டும்தான். எங்கள் வயதுக்காரர் போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் சந்தியைத் தாண்டப் பயந்து வளர்ந்தவர்கள். பிள்ளை வீட்டுக்குள் இருந்தால்தான் நிம்மதி என்பது சோதனைச்சாவடிகள் எடுபட்ட பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை.

புலமைப்பரிசிலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் அதில் வேகிறீர்கள். ஆனால் பாடத்தின் பெயரைப் பாருங்கள், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்'. பெயரில் செயற்பாடு, கொப்பியில் பட்டியல். ஆர்தர் லூகஸ் என்ற கல்வியாளர் 1972இல் இந்தக் கல்வியை மூன்றாகப் பிரித்தார்: சுற்றாடலைப் பற்றி, சுற்றாடலில், சுற்றாடலுக்காக. தமிழில் வேற்றுமை உருபே வேலையைச் செய்துவிடுகிறது. நாங்கள் இரண்டாம் வேற்றுமையில் சிக்கி நிற்கிறோம். ஏழாம் வேற்றுமைக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் போதும்.

அதற்குச் சீமெந்து முற்றமும் உதவும். மழை பெய்யும்போது கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பீலி, முற்றம், வீதியோரக் கான், கால்வாய், கடல். அடுத்த கிழமை அதிபரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கால்வாய்ப் பாலம் வரை நடந்து போங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, போகிறதா, நிற்கிறதா? கொழும்பு தாழ்ந்த நிலம். மழை கொட்டினால் தண்ணீர் தங்கிப் போகச் சதுப்பு நிலம் வேண்டும். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்று உலகில் முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் எங்களுடையதும் ஒன்று. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் பெருமைப்படுவார்கள், படட்டும்.

மீதொட்டமுல்லயும் அப்போது தானாக வந்துவிடும். குப்பை கொட்டத் தொடங்கிய துண்டு நிலத்தின் பழைய பெயரில் 'கும்புர' இருக்கிறது, சிங்களத்தில் வயல். உங்கள் வகுப்பில் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்று அதை முந்திக்கொண்டு சொல்லும். வயலில் ஏன் குப்பை கொட்டினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். யாருடைய குப்பை என்றும் வரும். அந்த இடத்தில் நீங்களும் நானும் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும், எங்கள் வீட்டு வாளியும் அதற்குள் இருக்கிறது.

பாலத்துக்குப் போக முன் ஒரு வரைபடம் கீறச் சொல்லுங்கள், வந்த பிறகு இன்னொன்று. காலி வீதி நடைபாதையில் கயிறு பிடித்து இரண்டிரண்டு பேராகக் கூட்டிப்போங்கள், பஸ்காரர்கள் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை. இரண்டாவது படத்தில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள வெள்ளையில் ஏதாவது முளைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.