பப்பாளி ஏன் கசந்தது?

கேள்வி: அக்கா, கல்லூரிக்குப் போகும் என் மகள் வாரம் இரண்டு முறையாவது கடையில் பிரவுனி ஷேக் குடித்துவிட்டு வருகிறாள். வீட்டிலேயே பழ ஸ்மூத்தி செய்து தரலாமே என்று காலையில் பப்பாளி, பால், ஐஸ்கட்டி போட்டு அடித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மாலையில் வாயில் வைத்தால் ஒரே கசப்பு, நீர்த்தும் போயிருந்தது. இனிப்பு சாப்பிட்ட திருப்தி வேண்டும், சர்க்கரை கொட்டக் கூடாது. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பால்காரரைத் திட்டியிருந்தால் முதலில் சமாதானமாகிவிடுங்கள். தப்பு பப்பாளி மேல்தான். அதிலுள்ள பப்பைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். அன்னாசியில் புரோமலின் இருக்கிறது, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியபின் பாலில் சேர்க்கலாம். பப்பாளி என்றால் அடித்த கையோடு குடித்துவிட வேண்டும்.

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பப்பாளிக்கு ஏன் போனீர்கள்? சிறுமலை வாழைப்பழம் உங்கள் ஊர்ப் பழமாயிற்றே! பழனி பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமலே கெட்டியாக நிற்பதற்கு, நீர்ச்சத்து குறைந்த மலை வாழைப்பழமும் ஒரு காரணம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பஞ்சாமிர்தத்தையே நான் டம்ளருக்குள் கொண்டுவந்துவிட்டேன். நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, தேன் மூன்றையும் கழித்துவிட்டு.

தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம் இரண்டை வில்லைகளாக நறுக்கித் தட்டில் ஒட்டாமல் பரப்பி, முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ்கட்டிக்கு வேலையே இல்லை, நீர்க்கவும் செய்யாது. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் மூன்றை அரை டம்ளர் சூடான பாலில் இருபது நிமிடம் ஊறவிட்டு ஆறவிடுங்கள். அந்தப் பாலோடு ஒரு ஏலக்காயின் விதையும் சேர்த்து முதலில் மிக்ஸியில் மைய அடியுங்கள். பிறகு வாழை வில்லைகளையும் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரையும் போடுங்கள். தயிரின் லேசான புளிப்பு இல்லாவிட்டால் தித்திப்பு திகட்டும். வில்லைகளை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். கல் மாதிரி இருக்கும்போது ஒரே மூச்சில் ஓட்டினால் மோட்டார் சூடாகி நாற்றம் வரும்.

நெய்யில்தான் நான் ஏமாந்தேன். பஞ்சாமிர்த மணம் வரட்டும் என்று ஒரு கரண்டி உருக்கி ஜாரிலேயே ஊற்ற, சில்லென்ற பாலில் அது மணிமணியாக உறைந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் மெழுகுவர்த்தி வாசனை என்றார். இப்போதெல்லாம் அரை டீஸ்பூன் நெய்யில் பத்து உலர்திராட்சையை உப்ப வறுத்து மேலே போடுவதோடு சரி. முதல் வாய்க்கே மணம் வந்துவிடுகிறது.

சர்க்கரை போடவில்லையே என்று பெரிய சொம்பில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். வாழையிலும் பேரீச்சையிலும் இருப்பதும் சர்க்கரைதான். இந்த அளவு இரண்டு பேருக்கு. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் அவர் பங்கை மகளிடமே கொடுத்துவிடலாம்.

அடித்து வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். வில்லைகள் ஃப்ரீசரில், பேரீச்சம் பால் ஃபிரிட்ஜில். மகள் ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் மிக்ஸியைப் போட்டால் போதும்.