சுவிட்சை அணைத்தும் படகு அடுப்பு எரிகிறதா?

சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடமாகியும் அடுப்பு எரிகிறது என்றால் சோலனாய்டு வால்வு, அதாவது அந்தச் சுவிட்சால் மின்சாரத்தில் இயங்கி கேஸை அடைக்கும் வால்வு, மூடவில்லை. குழாயில் தங்கிய கேஸ் கொஞ்ச நேரம்தான் எரியும். சுடர் சுருங்கி, நீலம் வெளிறி அணைந்துவிட வேண்டும்.

பெரும்பாலும் வால்வின் மூடி வந்து பதியும் இடத்தில் தூசியோ பிசுக்கோ ஒட்டியிருக்கும். வால்வைத் திசை மாற்றி மாட்டியிருந்தாலும் இப்படித்தான்: அதன் உடலில் உள்ள அம்புக்குறி அடுப்பை நோக்கி இருக்கிறதா பாருங்கள்.

முதலில், சுவிட்ச் அணைந்த நிலையில் வால்வின் மின்சுருளுக்கு (coil) வரும் கம்பிகளை மல்டிமீட்டரால் அளவிடுங்கள். 12 வோல்ட் காட்டினால் கோளாறு வயரிங்கில். பூஜ்யம் என்றால் வால்வையே மாற்றுங்கள்; கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதுவரை ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சிலிண்டரைக் கையால் மூடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். புது வால்வு மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.