வாசகர் கேள்வி: வைரஸ் வந்தா செல்லுக்கு எப்படித் தெரியுது?

கேள்வி: வைரஸ் உள்ள நுழைஞ்சதும் செல் உடனே ரியாக்ட் பண்ணுதாமே, புதுசா புரோட்டீன் தயாரிக்கவே நேரம் ஆகுமே சார், அப்புறம் எப்படி?

பதில்: நல்ல சந்தேகம். புதுசா எதுவும் செய்ய வேண்டாம், காவலுக்கு ஆள் ஏற்கெனவே உள்ளதான் இருக்கு, ஆனா தூங்கிட்டு இருக்கும். ரிக்-ஐன்னு ஒரு புரோட்டீன், வைரஸோட ஆர்என்ஏவை (அதோட மரபுத் தகவல் இருக்குற மூலக்கூறு) பிடிச்சதும் மடங்கிக் கிடந்தது விரியும், அப்போ ட்ரிம்25ங்கிற என்சைம் வந்து அதுமேல யூபிக்விட்டின் சங்கிலியை ஒட்டிவிடும், யூபிக்விட்டின்ங்கிறது வெறும் 76 அமினோ அமிலம் உள்ள குட்டி புரோட்டீன். யூபிக்விட்டின்னாலே குப்பைக்குப் போற புரோட்டீனுக்கு ஒட்டுற சீட்டுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க (2004 கெமிஸ்ட்ரி நோபல் அதுக்குத்தான்), ஆனா சங்கிலி கோக்குற விதம் மாறினா அர்த்தமே மாறிடும், இங்க அது 'எழுந்திரு'ன்னு சொல்ற சீட்டு. அப்படி எழுந்த ரிக்-ஐ தர்ற சிக்னலால, அடுத்து டிபிகே1ங்கிற என்சைம் ஐஆர்எஃப்3ங்கிற புரோட்டீன் மேல பாஸ்பேட் ஒட்டும், அது நியூக்ளியஸுக்குள்ள போய் இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கை புரோட்டீனோட ஜீனை ஆன் பண்ணும். இன்டர்ஃபெரானை 1957லயே கண்டுபிடிச்சாச்சு, அது பக்கத்து செல்லையும் உஷார் பண்ணிடும்.

எனக்குப் பிடிச்சது வைரஸோட திருட்டுத்தனம்தான். இன்ஃப்ளூயன்சா தன்னோட என்எஸ்1 புரோட்டீனை வெச்சு ட்ரிம்25ஐயே மடக்கிடுது, கொரோனா வைரஸ்கிட்ட ஒட்டின சீட்டைக் கிழிக்கவே தனி என்சைம் இருக்கு, ஐஎஸ்ஜி15ங்கிற இன்னொரு சீட்டையும் விட்டுவைக்காது. அந்த என்சைமைத் தடுக்க மருந்து தேடுறாங்க.