கால்சியம் மாத்திரையால் முன்கூட்டியே வலி வருமா?

கேள்வி: என் மனைவிக்கு 31 வாரம். வயிறு அடிக்கடி இறுகியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்து நிஃபெடிபின் கொடுத்தார்கள். அது பிரஷர் மாத்திரை, கால்சியத்தைத் தடுக்கும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். இவளுக்குப் பிரஷரே இல்லை. அப்படியானால் கால்சியம் மாத்திரையையும் ராகிக் களியையும் நிறுத்திவிடலாமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: இரண்டையும் நிறுத்தாதீர்கள். உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம்: கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், மதகைத் திறந்தால்தானே வாய்க்காலுக்கு வரும்? கர்ப்பப்பைத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் கால்சியத்துக்கு அப்படி நுண்ணிய மதகுகள் உண்டு. செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போல் ஏறக்குறைய 10,000 மடங்கு. செல்லின் மின்னழுத்தம் மாறினால் மதகு திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். அதுதான் வலி.

பிரசவ நாள் வரை தசையை அடக்கி வைப்பதில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. பொட்டாசியம் வெளியேறும் வழிகளும் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன. நாள் நெருங்க நெருங்க இந்தக் காவல் தளரும், வலியைத் தூண்டும் ஹார்மோனான ஆக்ஸிடோசினுக்குத் தசை சட்டென்று இணங்கும். உங்கள் மனைவிக்கு அது கொஞ்சம் முந்திக்கொண்டது.

நிஃபெடிபின் அடைப்பது மதகைத்தான். ரத்தக் குழாயிலும் அதே வகை மதகு இருப்பதால் பிரஷருக்கும் அதே மருந்து. தலைவலி, முகம் சூடேறுவது, படபடப்பு வருவதும் அதனால்தான்.

அணை மட்டம் வேறு கதை. ரத்தத்தில் கால்சியத்தை 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் உடம்பே நிறுத்தி வைக்கும். சாப்பாட்டில் குறைந்தால் அம்மாவின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு கால்சியம் மாத்திரை கர்ப்பகால பிரஷர் வராமல் தடுக்கவும் உதவுகிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். களியை விடவே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. நிஃபெடிபின் பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடாது. குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். மீதி மாத்திரை வீட்டில் இருந்தால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு கல்லாக இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ ‘சூட்டு வலிதான்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் 108-ஐ அழையுங்கள்.