பழமும் மூலிகையும் பாட்டிலுக்கு. ஜாடிக்கு வெறும் டீ போதும்

கேள்வி: மூன்று மாதமாக வீட்டிலேயே கொம்புச்சா (சர்க்கரை டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடுகிறேன். ஒரே ருசி அலுத்துப்போனதால் போன முறை ஸ்ட்ராபெர்ரி, புதினா, நாலு கிராம்பு மூன்றையும் ஸ்கோபி கிடந்த ஜாடியிலேயே போட்டேன். பத்து நாளில் புதினா கறுத்துவிட்டது, வினிகர் நெடி தூக்கியது. ஸ்கோபியும் வழக்கம்போல் புதுப் படலம் கட்டவில்லை. என் தோழி மாம்பழக் கூழ் சேர்த்து மூடி வைத்த பாட்டிலோ, திறந்ததும் பொங்கிப் பாதி தரையில் கொட்டிவிட்டதாம். எனக்குப் பயமாக இருக்கிறது. முறையாக மணம் சேர்ப்பது எப்படி?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, சேர்த்த இடம்தான் தவறிவிட்டது. ஸ்கோபி என்பது ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் வீடு. அதற்கு வேண்டியது டீயும் சர்க்கரையும் மட்டும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் எண்ணெய் நுண்ணுயிர்களை அடக்கக்கூடியது. பட்டையும் அப்படித்தான். படலம் கட்டாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பழத்துண்டுகள் திறந்த ஜாடியில் மேலே மிதந்தால் பூஞ்சைக்கும் வழி பிறக்கும்.

முதலில் அந்த ஜாடியைப் பாருங்கள். மேற்பரப்பில் உலர்ந்த பஞ்சு போல வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ ஏதாவது படர்ந்திருந்தால் ஸ்கோபி உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். சுரண்டி எடுத்துவிட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அடியில் தொங்கும் பழுப்பு நூல்கள் வெறும் ஈஸ்ட், அதைக் கண்டு பதற வேண்டாம். பூஞ்சை இல்லையென்றால் பழத்துணுக்குகளை நீக்கிவிட்டு, ஸ்கோபியை அடுத்த இரண்டு மூன்று முறை வெறும் கறுப்பு டீயிலும் சர்க்கரையிலும் மட்டும் ஓட விடுங்கள். தேறிவிடும்.

இனி மணம் சேர்க்கும் வேலை. ஜாடியில் நடக்கும் முதல் புளிப்பு முடிந்ததும், வேறெதுவும் செய்வதற்கு முன், அடுத்த முறைக்கான தாய்த் திரவத்தை, அதாவது புளித்த கொம்புச்சாவிலேயே கொஞ்சத்தை, எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் டீக்கு 100 முதல் 150 மில்லி வேண்டும். பழம் கலந்தபின் எடுத்தால் அந்த வாசனை அடுத்த முறைக்கும் தொடரும். இன்னொன்று: இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரியாக இருக்கும்போதே பாட்டிலுக்கு மாற்றுங்கள். பத்து நாள் என்று கணக்குப் பார்ப்பதைவிட ஏழாம் நாளிலிருந்து தினமும் ஒரு வாய் ருசி பாருங்கள். வெயில் காலத்தில் சீக்கிரமே புளித்துவிடும். ஒரேயடியாகப் புளித்த பிறகு எந்தப் பழத்தைப் போட்டாலும் வினிகர் நெடியை மறைக்க முடியாது.

750 மில்லி பாட்டிலுக்கு 75 முதல் 100 கிராம் பழம் தாராளம். ஸ்ட்ராபெர்ரியை நறுக்கிப் போட்டுப் பாருங்கள்: இரண்டாம் நாள் துண்டுகள் வெளிறி, நனைந்த காகிதம் போல மேலே நிற்கும், அதன் சிவப்பெல்லாம் திரவத்துக்குப் போயிருக்கும். பழத்தின் வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அப்போதே வடிகட்டிவிடலாம். எலுமிச்சை, ஆரஞ்சு என்றால் மேல்தோலை மட்டும் மெலிதாகச் சீவிப் போடுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். இஞ்சி எனக்குப் பிடித்த துணை. துருவி ஒரு டீஸ்பூன் போட்டால் காரமும் வரும், குமிழும் கூடும்.

மூலிகைகளில் மென்மையான இலைக்கு ஒரு கணக்கு, கட்டியான மசாலாவுக்கு வேறு கணக்கு. புதினா, துளசி போன்ற இலைகள் 24 மணி நேரத்தில் மணத்தைக் கொடுத்துவிடும். அதற்கு மேல் வைத்தால் துவண்டு கறுத்து, பச்சிலைக் கசப்பு இறங்கும். உங்கள் ஜாடியில் நடந்தது அதுதான். ஐந்தாறு இலைகளை லேசாகக் கசக்கி, பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போவதற்கு முந்தைய நாள் சேருங்கள். ரோஸ்மேரி ஒரு சிறு கிளை போதும், கொஞ்சம் கூடினாலும் மருந்து வாடை வந்துவிடும். ஏலக்காய், பட்டை, கிராம்பு இரண்டு மூன்று நாள் தாங்கும். ஆனால் கிராம்பு ஒரு பாட்டிலுக்கு ஒன்றே ஒன்று.

உங்கள் தோழிக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூடிய பாட்டிலில் ஈஸ்ட் பழச்சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. மாம்பழம், அன்னாசி போன்றவற்றில் சர்க்கரையும் அதிகம். திறந்ததும் குமிழ்கள் கூழின் துகள்களைப் பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் மேலே கிளம்பும். கூழுக்குப் பதில் வடிகட்டிய சாறு ஊற்றினால் பொங்குவது வெகுவாகக் குறையும். பாட்டில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி: சோடா, பியர் போன்ற பானங்களுக்கென்றே செய்த உருண்டையான தடித்த கண்ணாடி மட்டும்தான். ஒருமுறை அழகாக இருக்கிறதே என்று சதுர பாட்டிலில் ஊற்றி அலமாரிக்குள் வைத்தேன், இரவில் வெடித்தது. மறுநாள் துணி மடிப்புகளுக்குள்ளெல்லாம் கண்ணாடிச் சில்லு பொறுக்கினேன். கதவு மூடியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

அதனால் கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். அதே கலவையை ஒரு சிறிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதை அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கல் மாதிரி இறுகியதும் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள். சாதாரண அறைச் சூட்டில் இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு, சிங்க்கில் வைத்து, மூடிமேல் துணி போர்த்தி, மெல்லத் திறவுங்கள். குளிர்ந்த திரவம் கேஸைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும், பீறிடாது.

பழம் சேர்த்து மூடி வைத்த கொம்புச்சாவில் ஆல்கஹாலும் சற்று ஏறும். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை மூன்று பாட்டில் வையுங்கள். ஒன்றில் ஸ்ட்ராபெர்ரியும் இஞ்சியும், இன்னொன்றில் எலுமிச்சைத் தோலும் கடைசி நாளில் புதினாவும், மூன்றாவதில் எதுவும் சேர்க்காத கொம்புச்சா. அந்த மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். எந்தப் பொருள் எவ்வளவு மணம் தந்திருக்கிறது என்பது அப்போதுதான் நாக்குக்குப் பிடிபடும்.